மூன்றாவது கோலுக்குப் போட்ட கோவிந்தா

நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரியின் கால்பந்து அணி, திருச்சியிலிருந்த இன்னொரு கல்லூரியை ஒருமுறைகூட வென்றதில்லை. நாங்கள் ஒரு கோல் வாங்கினால் போதும், அந்தக் கல்லூரி மாணவர்கள் "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூவுவார்கள். எல்லாம் போயிற்று என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தலைகள் தொங்கிவிடும்.

ஒருநாள் ஆட்டத்தில் நாங்கள் மூன்றாவது கோல் வாங்கியதும் அதே கூச்சல். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், நெற்றியில் நாமம். பொறுக்க முடியாமல் எழுந்தேன். இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, அவர்களைவிடப் பலமாக "கோவிந்தா!" என்றேன். எங்கள் கல்லூரிக் கூட்டம் முழுக்க எழுந்து என்னோடு கத்தியது. ஆடிக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர்க்கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் ஓடிவந்தான்.

"ஏங்க, தோக்கிறது நீங்க. நீங்களே கோவிந்தா போடுறீங்களே?"

"எங்க ஊர்ல பெருமாள் புறப்பாட்டுக்கு இப்படித்தான் கத்துவோம். உங்களுக்குத் தொண்டையே இல்லையே! இன்னும் பலமா கத்துங்கோ!"

அவன் சிரித்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான்.

அவர்களோடு ஆடிய அடுத்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் முதல் கோல் விழுந்தவுடன் நாங்களே முந்திக்கொண்டு "கோவிந்தா!" போட்டோம். எதிர்ப்பக்கம் வாயைத் திறக்கவில்லை.