வான்கோழிக் குழம்பில் ஒரு குறை

போன சனிக்கிழமை காலை, மலை மேல் இருக்கும் எங்கள் நாகலூர் பஸ் ஸ்டாப்பில், எங்களுக்குத் துணி தைக்கும் செல்வி வந்து இறங்கினாள். அவளோடு ஒரு வான்கோழியும் இறங்கியது.

உடம்பு சாக்குப்பைக்குள், தலை மட்டும் வெளியே. அவள் ஊரான கொட்டச்சேட்டில் ஏறியதிலிருந்து அது வாயை மூடவே இல்லையாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'யாருக்கு... எதுக்கு... என்ன விசேஷம்?' என்று விசாரித்திருக்கிறார்கள். செல்வியும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

ஆக, எங்கள் வீட்டு விஷயம் ஒரே டிரிப்பில் மலை முழுக்கப் பரவிவிட்டது. இனி உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? நானே சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு நாக்கு செத்துப்போய்விட்டது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது தனியாகப் போகவில்லை. அவருடைய ருசியையும் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் ஈர அட்டையை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கப்புறம் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இந்தச் சமையல் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். பக்கத்துக் காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆள்களை மேய்த்தே பழகிய மனுஷன் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார்? என் சமையலை மேய்வார். உப்பு ஒரு கல் கூடினால் தெரியும். வெங்காயம் ஒரு நிமிஷம் கூட வதங்கியிருந்தால் தெரியும். நேற்றைய புளியா, இன்றைய புளியா என்பது வரை தெரியும். எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா?

அப்படிப்பட்டவர், காய்ச்சலுக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நல்லாருக்குது."

ரசம்? நல்லாருக்குது. கீரை? நல்லாருக்குது. சந்தேகப்பட்டு ஒருநாள் உப்பே போடாமல் கஞ்சி கொடுத்துப் பார்த்தேன். அதுவும் நல்லாருக்குதாம்! ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க மாட்டோமா என்று ஏங்கியவள் நான். கேட்டபோது அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

ஆள் இளைத்துக்கொண்டே போனார். சேலத்து டாக்டர் எடை மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடுத்த தடவையும் இறங்கியிருந்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்ம்மா. அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும். புரோட்டீன் உள்ள போகணும். சிக்கன் குடுங்க, டர்க்கி குடுங்க. காரம் வேண்டாம். உப்பு, எண்ணெய் ரெண்டும் கம்மியா இருக்கட்டும்."

சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! காரத்தை எடுத்தாயிற்று, உப்பை எடுத்தாயிற்று, எண்ணெயை எடுத்தாயிற்று. சட்டியில் மிச்சம் இருப்பது கோழி மட்டும்தான். அதுவும் பிராய்லர் கோழி. பாவம், அதற்கென்று சொந்தமாக ஒரு அபிப்பிராயமும் கிடையாது. நாம் என்ன சொல்கிறோமோ அதற்குத் தலையாட்டும்.

இதனால்தான் சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், காரணம் சொல்லாமல், 'காரமில்லாமல் கோழிக்கு ருசி ஏற்றுவது எப்படி?' என்று உங்களைக் கேட்டிருந்தேன். அடேயப்பா... நீங்கள் அனுப்பிய யோசனைகளில் என் போனே திணறிவிட்டது. தயிரில் ஊறவை என்றார்கள். மோரில் ஊறவை என்றார்கள். இளநீரில் ஊறவைக்கச் சொன்னவரும் உண்டு. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பொய் சொல்வானேன், பல யோசனைகள் பிரமாதம்.

கறியைக் கழுவிய கையோடு சட்டியில் போடாமல் துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டால் கறி தண்ணீர் விட்டு வேகாமல் நன்றாக வதங்குகிறது, வாசனை தூக்குகிறது. போடுகிற கொஞ்சம் உப்பையும் கடைசியில் போடாமல் முன்கூட்டியே தடவி வைத்தால் அது உள்ளே வரை போகிறது. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போட்டால் மிளகாயின் மணம் மட்டும் தங்கி, காரம் அடங்கிவிடுகிறது. நிறையச் சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய்ச் சில்லு, இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சை. புளிப்பு இருந்தால் உப்பு குறைந்தது தெரிவதில்லை.

கோழி அவ்வளவு ருசியாக வந்தது. ஆனால் சாப்பிட்டது யார்? நான்தான். ஏறியதும் என் எடைதான். அவர் வழக்கம்போல ரெண்டு வாய்... "நல்லாருக்குது."

பப்பாளிக்காயை அரைத்துத் தடவச் சொன்ன வாசகிக்கு மட்டும் ஒரு வார்த்தை. அம்மா, எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம். ராத்திரி தடவி வைத்தேன். காலையில் பார்த்தால் எலும்பு தனியாகக் கிடக்கிறது, கறி கூழாகிக் கிடக்கிறது. அதைக்கூட அவர் குறை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இந்த நேரத்தில்தான் செல்வியிடம் போனில் புலம்பினேன். தையல் வேலையோடு, வீட்டுக்குப் பின்னால் நாலைந்து வான்கோழி வளர்க்கிறாள்.

"ஏனுங்கக்கா, டாக்டரே வான்கோழின்னு சொல்லிப்போட்டாருங்களா? நம்மூட்ல நிக்குதுங்க. நாளைக்கே கொண்டாரேன்."

சொன்னபடி கொண்டுவந்துவிட்டாள். உள்ளே வந்தவள், நாற்காலியில் இருந்த இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, நொம்ப எளச்சுட்டீங்களே!"

"நல்லாத்தான் இருக்கறன் செல்வி."

"எங்கீங்க நல்லாருக்கறீங்க? இது நான் அளவெடுத்துத் தெச்ச சட்டைங்க. இப்ப உள்ள ரெண்டு ரைட்டரு நிக்கலாமாட்ட இருக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல்காரி கண் பொய் சொல்லாது இல்லையா? டாக்டரைப் பார்க்க வேண்டிய வியாழக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கறிக்கடையில் தோலை உரிக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம், மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டித் தாருங்கள் என்றேன். அந்த வாட்டலில்தான் பாதி ருசி இருக்கிறது. வான்கோழிக்கு நெஞ்சுக்கறி அதிகம். அதைக் கோழி மாதிரி நினைத்துக் கொதிக்கவிட்டால் பஞ்சு பஞ்சாகிவிடும். அதனால் நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்துத் தயிரில் ஊறவைத்தேன். தொடையும் எலும்பும் குழம்புக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மழை. பனிமூட்டம். எங்கேயோ ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்துவிட்டதாம், கரண்ட் இல்லை. மல்லி, சோம்பு, கொஞ்சமே கொஞ்சம் மிளகு எல்லாம் வறுத்து வைத்துவிட்டேன். மிக்ஸி ஓடாதே! அம்மி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தோட்டத்தில் ரோஜாத் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு.

அப்போதுதான் காபி மெஷின் கண்ணில் பட்டது. இந்த மலையில் பல வீடுகளில் உண்டு. மேடை ஓரத்தில் திருகி வைத்திருப்போம். மேலே குவளையில் வறுத்த கொட்டையைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றினால் கீழே பொடி விழும். காய்ச்சலுக்குப் பிறகு இவர் காபியையே விட்டுவிட்டார். 'வெந்நீருக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல' என்று சொல்லிவிட்டார். நானும் டீக்கு மாறிவிட்டேன். மெஷின் சும்மாதானே கிடக்கிறது? வறுத்ததையெல்லாம் கொட்டிச் சுற்றினேன். பொடி கருகருவென்று விழுந்தது. பக்குவமாக வறுத்திருக்கிறோம் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

குழம்பு கொதித்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்... கசப்பு!

ஓடிப்போய் மெஷின் குவளைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். அடியில் ரெண்டு காபிக் கொட்டை. எப்போதோ அரைத்ததில் மிச்சம் ஒரு பிடி உள்ளேயே கிடந்திருக்கிறது. பார்க்காமல் அதன் மேலேயே மசாலாவைக் கொட்டி அரைத்திருக்கிறேன்.

வாசனைகூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். எப்படித் தெரியும்? காபியைக் காயப்போட்டு வறுத்து அரைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் குடியிருக்கிறேன். எனக்குக் காற்று என்றாலே அந்த வாசனைதான். இப்படி ஒரு தப்பைச் செய்ய வேண்டுமானால் இந்த மலையில்தான் குடியிருக்க வேண்டும்.

சரியாக அந்த நேரம் பார்த்துச் செல்வி போன் செய்கிறாள். "எப்பிடிங்கக்கா வந்துருக்குது?"

"நல்லாருக்குது" என்றேன். வேறென்ன சொல்ல?

கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டேன். தேங்காய்ப்பால் ஊற்றினேன். தோட்டத்து ஆரஞ்சு ஒன்றைப் பிழிந்துவிட்டேன். கசப்பு போகவில்லை. ஆனால் முன்னால் வந்து சண்டைக்கு நிற்காமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சுக்கறியை இரும்பு தோசைக்கல்லில் ரெண்டு பக்கமும் லேசாகச் சிவக்க வாட்டி, அதன் மேல் குழம்பை ஊற்றி, சாமியை வேண்டிக்கொண்டு தட்டை வைத்தேன்.

ஒரு வாய் எடுத்தார். மென்றார். நான் அந்த வார்த்தைக்குத் தயாராக நின்றேன்.

வரவில்லை. மெல்லுவதை நிறுத்தினார். தட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தா... இதுல காபி விழுந்திருக்குதா?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பி மெஷினைப் பார்த்தேன்.

"காபிதான். அதும் பழைய கொட்டை. வறுத்து நொம்ப நாளாயிருக்கும். மெஷினத் தொடைக்காமயே மசாலா அரைச்சியா நீ?"

"ஏனுங்க... உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியாம என்ன? சக்கரையப் போட்டு வேற மூடப் பாத்திருக்கற."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இப்ப எதுக்கு அழுவற? கொழம்பக் கெடுத்தது நீயி!"

கெடுத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் தடவை ஒப்புக்கொள்கிறேன். திட்டிக்கொண்டே அவர் சாப்பிட்டார். 'தொடைக்கறியா பாத்துப் போடு' என்று கேட்டுச் சாப்பிட்டார். தட்டில் எலும்பு மட்டும் மிஞ்சியதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

வியாழக்கிழமை சேலம் போனோம். எடை மெஷின் மேல் அவர் ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எடை இறங்கவில்லை. துளி ஏறியும் இருந்தது. "டியூப் பேச்சே இனிமே வேண்டாம். இப்படியே போகட்டும்" என்றார் டாக்டர். காபிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "காபி வைத்தியம் எல்லாம் இல்லம்மா. வர்ற நேரம் வந்துச்சு, அப்ப கைக்கு எட்டினது காபி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். சில பேருக்கு உப்பு கடைசியாத்தான் தெரியும்." அதனால் யாரும் வான்கோழியைத் தூக்கி டிகாக்ஷனில் போட்டுவிடாதீர்கள். ஒரு துளி காபி கறிக்கு நல்ல ஆழம் கொடுக்கிறது என்பது மட்டும் நிஜம். ஒரு பிடி அதிகம்.

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். அன்றைக்குச் சுற்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பக்கத்தில் இவர், ஆஸ்பத்திரி கேன்டீன் காபியில் சிக்கரி அதிகம் என்று மலை ஏறி முடிகிற வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதைவிட நல்ல பாட்டு ஒன்று இருக்கிறதா என்ன?

இத்தனை நாள் சமையல் குறிப்பு எழுதியவள் சொல்கிறேன். ருசியில் பாதிதான் நம் கையில் இருக்கிறது. மீதி, எதிரில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அது அங்கே இருக்கிற வரை, அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து ஒரு சத்தம். "சட்னில உப்பு தூக்கலா இருக்குது!"

எழுந்து ஓடிப்போய் விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். ஆமாம்... தூக்கல்தான்!