மார்த்தாண்டத்தில் மழையா, மேடம்?

பிலோமினா இறந்த செய்தி வந்தபோது ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. துணைமின் நிலையத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு மதியச் சோற்றுப் பொதியை அவிழ்த்திருந்தேன். அவளுடைய கணவர் பேசினார். "சுயம்பு சார், காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு."  சோற்றை அப்படியே மடக்கி வைத்துவிட்டேன். அவளை 'அவர்' என்று எழுதினால் வந்து அடிப்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

2004இல் மாற்றலாகி எங்கள் நிலையத்துக்கு வந்தாள். என்னைப் போலவே உதவிப் பொறியாளர். கடற்கரைக்காரி. எனக்குத் தோவாளை. காற்றுக் காலத்தில் எங்களுக்கு வெளியே நிற்கவே பிடிக்காது, கண்ணெல்லாம் மண். அவளோ வந்த முதல் நாளே சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு முற்றத்தில் நின்று கணவாய்க் காற்றாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுயம்பு, மேற்க உள்ள காத்தாடி மட்டும் முதல்ல ஓட்டம் நிக்குது, பாத்தியா? அது ஏன்?" என்றாள். அதற்கு முன் பதினைந்து வருடம் அங்கே கிடந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. "சவத்த விடு, சாப்பிட வா" என்றேன். அவள் வரவில்லை.

அந்த 'ஏன்' எதற்கு என்று தெரிய, எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சாரத்தைப் பானையில் ஊற்றி வைக்க முடியாது. அந்தந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவுதான் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. காற்றாலைகள் பெருகப் பெருக இந்தக் கணக்கு திண்டாட்டமாகிவிட்டது. "காத்து நமக்க சம்பந்தக்காரன் மாதிரி மக்கா. வந்தா வராதேன்னு சொல்ல முடியாது, போனா இருன்னும் சொல்ல முடியாது" என்பாள் பிலோமினா. காற்று திடீரென்று விழுந்தால் அந்தப் பள்ளத்தை உடனே நிரப்ப ஆளில்லை. அனல்மின் நிலையம் சூடேற மணிக்கணக்காகும்; அணைத் தண்ணீர் சீக்கிரம் ஓடும், ஆனால் அதற்கும் முன்கூட்டியே சொல்லித் தயாராக வைக்க வேண்டும். சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வரும்: ஊருக்குப் போகும் லைன்களை நிறுத்து. நிறுத்துவது எங்கள் கை. யாருக்கு நிறுத்துவது? ஒரு லைனில் ஆஸ்பத்திரி, ஒன்றில் ஐஸ் பேக்டரி, ஒன்றில் பள்ளிக்கூடம். ஒவ்வொரு முறையும் சுவிட்சைத் திருப்பிவிட்டு அவள் நாற்காலியில் தொப்பென்று உட்காருவாள். "அரை மணிக்கூர் முன்னால தெரிஞ்சா போதும். இந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்பாள். அந்த அரை மணிதான் அவளுக்கு எல்லாம்.

கடல்காரர் வீட்டுப் பெண் அல்லவா, முதலில் கடலைத்தான் நம்பினாள். ஒருநாள் கரையிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள். "காத்து அடங்கியாச்சு, கடலு பாய் விரிச்ச மாதிரி கெடக்கு" என்றார் அவர். உடனே சென்னைக்குச் சொன்னாள்: காற்று விழப்போகிறது, தயாராக இருங்கள். அங்கே இருந்தவர் நம்பி வேறு நிலையங்களில் உற்பத்தியை ஏற்றினார். கணவாயில் காற்று விழுந்ததா? முன்னைவிட இரட்டிப்பாக அடித்தது! மின்சாரம் பெருகிப்போய், ஓடிக்கொண்டிருந்த காற்றாடிகளை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. காற்றாடி முதலாளிமார் எல்லாரும் போனில் வந்து எங்களை வறுத்தெடுத்தார்கள். சென்னைக் குரல் கடைசியாக வந்தது. "மேடம், இனிமே அண்ணன்கிட்ட மீன் விலை மட்டும் கேளுங்க." எனக்குச் சுருக்கென்றது. அவளோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப கடலு இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் நமக்குக் காத்து வருது. நான் ஒரு மண்டு!" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

அவளுடைய நாத்தனார் ரெஜினா, மலைக்கு மேற்கே மார்த்தாண்டம் சந்திப்பில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஞானஸ்நான வீட்டுக்கு என்ன பாத்திரம் கொடுக்கலாம் என்று பிலோமினா ஒரு மத்தியானம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "மைனி, இங்க மழ கொட்டுது, கடைக்குள்ள தண்ணி ஏறுது, பொறவு விளிக்கேன்" என்று அவர் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் காற்றாடிகள் சோர்ந்து நின்றன. பிலோமினா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து தினமும் மார்த்தாண்டத்துக்குப் போன்தான். மழை என்றால் பல நாள் காற்று விழுந்தது, சில நாள் விழவில்லை. விழாத நாளில்தான் அவளுக்கு உற்சாகம் அதிகம். "இன்னைக்கு ஏன் ஏமாத்திச்சு?" என்று என் உயிரை வாங்குவாள்.

அப்படி ஓர் ஆடி மதியம், ரெஜினா போனில் கத்தினார், மேற்கே இருட்டிக்கொண்டு பெய்கிறது என்று. பிலோமினா சென்னைக்குப் போன் போட்டாள். அதே குரல். "மறுபடியுமா, மேடம்?" "தப்பாவும் இருக்கலாம் சார். தப்புன்னா எனக்க பேர்ல எழுதிக்கிடுங்க. மலைமேல அணைத் தண்ணிய மட்டும் ரெடியா வையுங்க, அது உடனே ஓடும்லா" என்றாள்.  இன்னொரு முறை பிசகினால் அவள் பேச்சை எவனும் கேட்கப்போவதில்லை.  "சரி, அணையில சொல்லி வைக்கிறேன்" என்றார் சென்னைக்காரர்.

காற்று விழுந்தது, மொத்தமாக விழுந்தது. ஆனால் அணைத் தண்ணீர் ஓடி அந்தப் பள்ளத்தை நிரப்பியது; லைனை நிறுத்தும் உத்தரவு வரவில்லை. எந்த லைனையும் நாங்கள் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் விசிறி ஓடியது, பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்தது, ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ சொல்லு மக்கா" என்றாள். அதற்குப் பிறகு காற்றுக் காலம் முழுக்க அந்தக் குரல் தானாகவே மதியம் கூப்பிடும். "மார்த்தாண்டத்துல மழையா, மேடம்?"

பின்னால் கணினி வந்தது. நாளைய காற்றை இன்றே வரைந்து காட்டியது. எனக்கு அவளுக்காகக் கோபம். அவளுக்கோ கொண்டாட்டம். "ரெஜினாவ விட இது நல்லாச் சொல்லுது, கேட்டியா! ஆனா மழ காத்த நிறுத்துதா, காத்து நிக்கதுனால மழ பெய்யுதான்னு இதுவும் சொல்லல்லியே" என்றாள். கணினி வந்த பிறகும் மார்த்தாண்டத்துக்குப் போன் நிற்கவில்லை. போன வாரம்கூட என்னிடம் அதே கேள்வியைத்தான் கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்?

அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் ஒரு நரைத்த மனிதர் தனியாக நின்றார். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அருகில் போய், "சாருக்கு எந்த ஊரு?" என்றேன். "சென்னை" என்று அவர் சொன்னதுமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரல்! ராத்திரி ரயிலேறி வந்திருக்கிறார். "இன்னைக்குத்தான் சார் அவங்க முகத்தைப் பார்க்கிறேன்" என்றார். இருவரும் அழுதோம். வெட்கமெல்லாம் படவில்லை.

அவளைத் தெரிந்த உங்கள் எல்லாரிடமும் அவளுடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான். அடக்கம் முடிந்த மறுநாள், கணினி காட்டிய காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ரெஜினா. பின்னால் தகரக் கூரையில் மழைச் சத்தம்.

"அண்ணே, இங்க மழ பிடிச்சாச்சு. மைனிதான் இல்லியே... இனி யாருகிட்ட சொல்லட்டு?"

"எனக்கிட்ட சொல்லும்மா" என்றேன். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றேன். மேற்கே முதல் காற்றாடி மட்டும் சுற்றுவது மெல்ல நின்றது. ஏன்?