அரை நிமிடக் கடல்

திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளையே படமெடுத்துச் சலித்துப்போன எனக்கு, புயலடிக்கும் கடலைப் படமெடுக்கும் வெறி பிடித்தது. எச்சரிக்கை வந்த அன்றே மனைவியையும் இழுத்துக்கொண்டு ராமேசுவரம் பக்கம் போய் இறங்கினேன்.

காற்று மணலை வாரி முகத்தில் அறைந்தது. அலைகள் கரையைக் குத்திக் கிழித்தன. ஈர மணலுக்குக் கொஞ்சம் தள்ளி ட்ரைபாடை ஊன்றி, ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு கேமராவைக் கழற்றி, லென்சைத் துடைக்கக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கண்மாய்க்கரையில் வளர்ந்த புத்தி அது. கண்மாயில் தண்ணீர் நனைத்த இடத்தோடு நின்றுவிடும்.

அடுத்த அலை பின்னாலிருந்து அடித்துக் கவிழ்த்தது. ட்ரைபாடின் கால் என் கெண்டைக்காலைக் கிழித்தது. வாயெல்லாம் மணல். கேமராவை மட்டும் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். மனைவி காலரைப் பிடித்து என்னை வெளியே இழுத்துப் போட்டு, முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"இது என்ன நம்மூரு கம்மாயா? செத்துருப்பீங்க!"

அந்த ஒரே படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினேன். அரை நிமிடத்தில் அத்தனை அலையும் ஒன்றோடொன்று கரைந்து, கடல் அதில் பால் போலக் கிடந்தது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் கம்மா தம்பி இது? காத்தே இல்ல போல, அலுங்காமக் கெடக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேட்டியைத் தூக்கி, தையல் போட்ட காலை அவர் முன்னால் நீட்டினேன்.

"நல்லாப் பாருங்கண்ணே. அந்தக் கம்மா கடிச்சது."