அடிபட்ட கிளிக் கூறு

ஆரோக்கியம்மாளின் குரலுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கல்லால் எழுப்பி, எட்டாத உயரத்தில் ஓடு வேய்ந்த தருமபுரியின் பழைய மார்க்கெட் கூரை. மூன்றாம் தூணடியில் உட்கார்ந்து அவள் "தக்காளீ" என்று நீட்டினால், குரல் மேலே போய்ப் புறாக்களைக் கிளப்பிவிட்டு, கொஞ்சம் பெருத்துத் திரும்பி வரும்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தத் தூணடிதான் அவளுக்குக் கடை. பாலக்கோட்டு பஸ்ஸில் கூடைகள் வந்து இறங்கும். சிலுவை போட்டுக்கொண்டு கூறு கட்ட ஆரம்பிப்பாள். அடியில் சிறிசு, மேலே பெரிசு, உச்சியில் காம்போடு ஒன்று. பிறகு சொம்பில் விரலை நனைத்து ஒரு தெளிப்பு. வெயில் ஏற ஏறத் தெளித்துக்கொண்டே இருப்பாள். பேரம் பேசும்போதும் தெளிப்பாள், சண்டை போடும்போதும் தெளிப்பாள். தூக்கத்தில்கூட விரலை உதறுகிறாள் என்று சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பிலவேந்திரன் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

எண்பதுகளின் நடுவில் மார்க்கெட்டைப் புது ஷெட்டுக்கு மாற்றினார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிடுவார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. இடிக்கவில்லை. சுண்ணாம்பு அடித்து, புறாக்களைத் துரத்தி, கைவினை மையமாக்கப் போவதாகச் சொன்னார்கள். ஆரோக்கியம்மாளும் மற்றவர்களோடு ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு. தகரத்துக்குக் கீழே ஹாரன் சத்தம்தான் ஆட்சி செய்தது. அவள் குரல் நாலு கூடை தாண்டுவதற்குள் படுத்துவிட்டது. வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் சாயங்காலம் வீடு திரும்பும்போது, நாள் முழுக்க யாரோடும் பேசாதது போலிருந்தது அவளுக்கு.

ஒருநாள் நேராகப் போய், மையத்தின் மேலாளர் ராஜாமணியிடம் தன் தூணடியைக் கேட்டாள். ராஜாமணி நல்ல மனுஷர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். இங்கே கைவேலை செய்கிறவர்களுக்குத்தான் இடம், உங்களுக்கு என்ன தெரியும் என்றார். விற்கத் தெரியும் என்றாள். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவருக்கும் ஒரு கவலை இருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த ஆட்கள் எல்லாரும் செய்வதில் கெட்டி, வாயைத் திறப்பதில்தான் பஞ்சம். மண்கிளி செய்கிற சென்றாயனிடம் யாராவது விலை கேட்டால் அவன் கிளியைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அது பதில் சொல்லட்டும் என்பதுபோல. அதனால், திறப்பு விழா அன்றைக்கு அவன் கிளிகளை விற்றுக் காட்டுங்கள், சரிப்பட்டால் தூணடி உங்களுக்கு என்றார். ஒரே நிபந்தனை, கூவக் கூடாது.

"கூவாம எப்புடிங்க சார் விக்கறது?"

"மெதுவாப் பேசும்மா. பேங்க்ல பேசற மாதிரி."

அவள் பேங்க் வாசலை மிதித்ததில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்ததும் பிலவேந்திரன் பேங்க் குரலில் ரசம் கேட்டுக் காட்டினான்.

விழா நாளில் கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார். அதற்குள் ஆரோக்கியம்மாள் தூணடியில் சாக்கு விரித்து, சின்னக் கிளி அடியில், பெரிய கிளி மேலே என்று கூறு கட்டி முடித்திருந்தாள். எல்லாம் பச்சை உடம்பும் சிவப்பு மூக்குமாக, சாயம் பூசிக் காயவைத்த கிளிகள். கிளியைப் போய் யாராவது குவிப்பார்களா என்று சென்றாயன் முகம் சுளித்தான். சுளித்தபடியே டீ குடிக்கப் போனான்.

ஜனம் வந்தது. ஓர் அம்மா ஒரு கிளிக்கு விடாமல் பேரம் பேசினாள். ஆரோக்கியம்மாள் பேங்க் குரலிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலை அடக்கி வைத்ததில் கைக்குத் தினவெடுத்துவிட்டது போலிருக்கிறது. குடிக்கக் கொண்டுவந்த சொம்பு பக்கத்திலேயே இருந்தது. விரல் நனைந்தது, உதறியது, மறுபடி நனைந்தது. அவளுக்கே தெரியாது.

சென்றாயன் திரும்பி வந்தபோது மூக்குச் சிவப்பு மார்புக்கு இறங்கியிருந்தது. பச்சை சாக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. பேரம் பேசிய அம்மாவைக் காணோம். அவன் திட்டவில்லை. ஒரு கிளியை எடுத்து, சுட்டுக்கொண்ட குழந்தையின் விரலை ஊதுவதுபோல ஊதினான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"தம்பி, கை எம் பேச்சக் கேக்கலப்பா."

ராஜாமணி வந்தார். கிளிகளைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். தூணடி போய்விட்டது என்று ஆரோக்கியம்மாளுக்கு விளங்கிவிட்டது.

போனால் போகட்டும், இவன் உழைப்பு சாக்கில் கிடக்கிறதே. மார்க்கெட்டில் அடிபட்ட தக்காளியை நல்ல கூறுக்கு அடியில் மறைத்து விற்றால் கேவலம். அதையே தனிக் கூறாக வைத்து, அடிபட்டது, ரசத்துக்கு ஆகும் என்று சத்தமாகச் சொல்லி விற்றால் ஒரு குறையும் இல்லை. அவள் நனையாத கிளிகளை ஒதுக்கிவிட்டு, நனைந்தவற்றைத் தனியாகக் குவிக்க ஆரம்பித்தாள். சென்றாயன் கையைப் பிடித்தான்.

"அடிபட்ட கிளின்னு வித்தா எம் பேரு என்னாவறது அக்கா?"

"உம் பேரு ஏன் வருது? எம் பேரச் சொல்லித்தான் விக்கப் போறன்."

எழுந்து நின்று ராஜாமணியைப் பார்த்தாள். "சார், ஒரே ஒரு வாட்டி."

ராஜாமணி கூரையைப் பார்த்தார். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"அடிபட்ட கிளீ. ஆரோக்கியம் தண்ணி தெளிச்சு அடிபட்ட கிளீ. கொண்டுபோயி வூட்டுல காய வையுங்க, கிளீ."

குரல் மேலே போனது. யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்திருந்த ஒற்றைப் புறா படபடத்துப் பறந்தது. குரல் பெருத்துத் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது. ரோட்டில் போனவர்களுக்கு அது தெரிந்த குரல். தக்காளி பழைய இடத்துக்கே வந்துவிட்டதாக நினைத்து, பையோடு நாலைந்து பேர் உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் சிரித்தார்கள், ரசத்துக்கு ஆகுமா என்று கேலி பேசினார்கள், வாங்கினார்கள். சிறுமி ஒருத்தி இருப்பதிலேயே அதிகம் ஒழுகிய கிளிதான் வேண்டும் என்று அழுதாள். அடிபட்டதைப் பார்க்க வந்தவர்கள் நல்லதையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒருத்தர் இதை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். சென்றாயன் வழக்கம்போலக் கிளியைப் பார்த்தான். அப்புறம் வாயைத் திறந்தான்.

"தண்ணி மட்டும் காட்டாதீங்க. இந்தக்காகிட்டயும் காட்டாதீங்க."

சிரிப்பும் கூரைக்குப் போய்த் திரும்பியது.

தூணடி அவளுக்கே கிடைத்தது. சாயங்காலத்தில் மட்டும் கூவிக்கொள்ளலாம், சொம்பு மட்டும் வாட்ச்மேனிடம் இருக்க வேண்டும் என்றார் ராஜாமணி. 'தண்ணீர் தெளிக்கக் கூடாது' என்று பலகை எழுதி, மூன்றாம் தூணிலேயே ஆணி அறைந்து மாட்டினார். ஆரோக்கியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்து, கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னாள். ஆணி வாகாக நீண்டிருந்ததால் தன் பையையும் அதிலேயே தொங்கவிட்டாள்.

சென்றாயன் அடுத்த வாரத்திலிருந்து கிளிகளுக்கு வார்னிஷ் அடிக்கத் தொடங்கினான். பலகையை நம்பி அவன் தொழில் செய்யத் தயாராக இல்லை.