மாமனார் பெட்டியில் கிடந்த மைக்குச்சி

கண்மை என்றாலே எனக்கு இன்னும் பயம்தான். தொண்ணூறுகளில் தங்கச் சுரங்க ஊரான தங்க வயலில், ஸ்கெலட்டன் என்ற குடியிருப்புப் பக்கம் இருந்தோம். மாமனாருக்கு மைனில் வேலை. மற்ற நேரம் வீட்டிலேயே கடிகார ரிப்பேர். அவருடைய பழைய பெட்டியைத் துடைத்தபோது தந்தப் பிடி போட்ட மெல்லிய குச்சி ஒன்று கிடைத்தது. மைக்குச்சி என்றே நினைத்தேன். ஒரு வாரமாக அதை வைத்துத்தான் கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்கு மை தீட்டினேன்.

அன்று ஷிப்ட் முடிந்து வந்த மாமனார் அதைப் பார்த்துவிட்டார். என்னிடம் குரலே உயர்த்தாத மனிதர், குச்சியைத் தட்டிவிட்டு அலறினார்.

“இன்னாம்மா பண்றே! மைன் ஷாப்ட்டு இருட்டுல கடிகார முள்ளு மின்னித் தெரியறதுக்கு ரேடியம் பூசுற குச்சிம்மா அது! விஷம்!”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கதவைச் சாத்தி, இருட்டில் குழந்தையின் கண்களையே பார்த்தேன். மின்னவில்லை.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்யாணமும் முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் வந்து தங்கும்போது, விளக்கை அணைத்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் கண்களைத்தான்.