தனசேகர் சாரின் ரஷ்ய மொழி

தனசேகர் சார் இறந்துவிட்டார். காலையில் பழைய கடை குரூப்பில் போட்டிருந்தார்கள்... மாரடைப்பாம்.

எல்லோரும் ஆர்ஐபி போட்டுவிட்டார்கள். நான் பதிவே எழுதுகிறேன். என் கையால்! ஆறு மாதமாக ஷார்ஜாவில் மகள் எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். அறுபத்தெட்டு வயதில் இது முதல் பதிவு. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

துபாய் தேராவில் துணிக்கடை. அவர் மேனேஜர், மாஸ்கோவில் படித்தவர். நான் சேல்ஸ்மேன், என் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

சோவியத் காலத்தில் ரஷ்யாவோடு சேர்ந்திருந்த எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் ரஷ்ய மொழி படித்தாக வேண்டும். அதனால் உஸ்பெக், கசாக், ஜார்ஜியா... வியாபாரிகள் எங்கிருந்து வந்தாலும் கடையில் ரஷ்ய மொழிதான். நான் அதைக் காதாலேயே பிடித்தேன். அவரவர் சொந்த மொழியில் வணக்கம் சொல்லவும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

வாசலில் நின்று, முகம் பார்த்து நாட்டைக் கண்டுபிடித்து, அந்த மொழியில் கூப்பிடுவது என் டியூட்டி.

சாருக்குப் பொறுக்கவில்லை. "கைநாட்டுக்கு எதுக்குய்யா வாசல்? குடோன்ல போய் பண்டல் தூக்கு" என்றார். கடையே சிரித்தது. இரண்டு வருடம் குடோன்.

ரூமில் இந்தித் திணிப்பு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவரும் இவர்தான்...

ஒரு நாள் கசகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து ஐகுல் அம்மா வந்தார். பெரிய வியாபாரி. சார் ரஷ்ய மொழியில் குழைந்தார். "உங்க தாய்மொழியிலயே பேசலாம் மேடம்."

அம்மா முகம் சிவந்துவிட்டது. "இது என் தாய்மொழி இல்ல. என் மொழியில பேசினதுக்கு டீச்சர் என்னை வெளிய நிக்க வெச்சாங்க" என்று ரஷ்ய மொழியிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குடோனிலிருந்து தூக்கி வந்த பண்டலைக் கீழே போட்டுவிட்டு, "சலெமெட்சிஸ் பே" என்றேன். கசாக் மொழியில் வணக்கம். அம்மா நின்றார்.

"இவரு காட்டட்டும். நீங்க பில் எழுதுங்க" என்றார் சாரிடம்.

நான் துணி விரித்துச் சொல்லச் சொல்ல, சார் எழுதினார்.

"மெதுவா சொல்லுய்யா..."

"கஸ்டமர் வெயிட் பண்றாங்க சார். ஜல்தி, ஜல்தி!"

மறுநாளே முதலாளி என்னை வாசலுக்கு மாற்றினார். அதன் பிறகு சார் என்னோடு பேசவே இல்லை. கைநாட்டு என்றதற்கு ஒரு சாரிகூடக் கேட்கவில்லை.

"செத்தவர்கிட்ட என்னப்பா கோவம்? மன்னிச்சிடுங்க" என்கிறாள் மகள்.

முடியாதும்மா.

போய் வாருங்கள் என்று எழுத மனம் வரவில்லை. போங்க சார்.