சன்னல் கொக்கி

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் அவள் எல்லோருக்கும் பெரியக்கா. கல்யாணமான வருடம் மடிப்பு மேசைக்கு வந்தவள், பேரன் பிறந்த பிறகும் அங்கேதான் நின்றாள். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவள், வாயாடி என்று பெயரெடுத்த இளையவள்.

ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாயாடி வரவில்லை. வேலை தேங்கினால் வாயாடிக்குத்தான் திட்டு விழும். அதனால் பெரியக்கா விரிப்பின் இரு மூலைகளையும் சன்னல் கொக்கியில் மாட்டி, தனியாளாகவே எல்லாவற்றையும் மடித்து முடித்தாள். அதை முதலாளி பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரங்களில் குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் உயர்த்தியது. இருவரும் சந்தோஷத்தில் சிரித்த வாயை மூடுவதற்குள் முதலாளி பெரியக்காவிடம் வந்தார்.

“இந்தக் கூலிக்கு ரெண்டு ஆள் கட்டுப்படி ஆகாதும்மா. நீங்கதான் அன்னிக்கு ஒத்தையாவே மடிச்சு முடிச்சீங்களே.”

தன் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் பெரியக்கா குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தாள்.

கடைசி நாளன்று வாயாடி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

“சட்டம் நமக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு அக்கா. நம்மள்ல பாதி பேருக்கு” என்று சிரித்தாள். “ஆமா, அந்தக் கொக்கி யோசனை எந்தப் புண்ணியவானுது?”

“முதலாளியோடதுதான்.”

“அவருக்கு அவ்வளவு மூளை ஏதுக்கா?”

வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.